பரணில் கிடக்கும் கம்ப்யூட்டரில் டேவ் ஓடுமா?

கோத்தகிரியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். பெரியப்பா கணக்குப் பார்த்த தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் 2000வாக்கில் வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று, வீட்டுப் பரணில் பதினைந்து வருடமாகக் கிடக்கிறதாம். டேவ், பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா, ரோட் ரேஷ், நீட் ஃபார் ஸ்பீட் 2, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் என்று சின்ன வயதில் தான் ஆடிய கம்ப்யூட்டர் ஆட்டங்களையெல்லாம் மகனுக்கு அந்தக் காலத்துப் பெட்டியிலேயே காட்ட ஆசை. பரணில் இருப்பதை எழுப்பலாமா, இல்லை கீழே சமவெளிக்குப் போய் பழைய உதிரிகள் வாங்கி வேறொன்று அசெம்பிள் செய்யலாமா என்பது கேள்வி.

எழுப்பலாம். ஆனால் இறக்கிய அன்றே பிளக்கில் செருகிவிடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

குன்னூரில் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக இந்த வேலை பார்க்கிறேன். மலையில் பழைய கம்ப்யூட்டரைக் கொல்வது வயது இல்லை, ஈரம். கோயமுத்தூரில் ஒரு குடோனில் கிடந்த மதர்போர்டையும் நம் ஊர் பரணில் கிடந்த போர்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியும். அங்கே வெறும் தூசி, ஊதினால் போய்விடும். இங்கே ஜூனில் தென்மேற்கு தொடங்கி டிசம்பரில் வடகிழக்கு முடியும்வரை காற்றில் தண்ணீர். கோத்தகிரிக்கு வடகிழக்கு மழைதான் கனமாகப் பெய்யும், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஈரத்தைக் குடித்த தூசி மின்சாரத்தைக் கடத்தும். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள் 300 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிற இடங்கள் இருக்கின்றன. சுவிட்சைப் போட்டதும் ‘டப்’ என்று ஒரு சத்தம், கருகிய வாசனை, அவ்வளவுதான்.

அதனால் பெட்டியை இறக்கி, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, இரண்டு மூன்று நாள் காய்ந்த அறையில் சும்மா வையுங்கள். குளிர்ந்த பரணிலிருந்து நேராக அடுப்பு எரிகிற சமையலறைக்குக் கொண்டுபோகாதீர்கள். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளருக்கு வெளியே முத்து முத்தாக வேர்க்குமே, அதேபோல போர்டும் வேர்க்கும். வெயில் அடிக்கிற ஜன்னலோரம் போதும்.

தேயிலை ஃபேக்டரி ஆபீஸ் கம்ப்யூட்டர் என்றீர்களே, உள்ளே என்ன இருக்கும் என்று திறக்காமலே சொல்வேன். தேயிலையைச் சலிக்கும்போது பறக்கிற பொன்னிறப் பஞ்சு. ஃபேக்டரியை ஒட்டிய ஆபீஸ் என்றால் சி.பி.யு. ஃபேன் அதை வருடக்கணக்காக இழுத்திருக்கும். சூட்டை இழுக்கும் ஹீட் சிங்க் தகட்டின் இடுக்குகளில் கம்பளித் துணி மாதிரிப் படிந்திருக்கும், நகத்தால் சுரண்டினால் தகடாக வரும். ஒருமுறை அப்படி ஒன்றைத் திறந்தபோது கடை முழுக்க தேயிலை டிப்போ வாசனை. தேயிலை காற்றில் இருக்கிற ஈரத்தை எப்படி இழுக்கும் என்று உங்கள் பெரியப்பாவைக் கேளுங்கள், மூட்டை கட்டுகிற அறையை ஏன் அப்படிப் பொத்திப் பொத்தி வைக்கிறார்கள் என்று சொல்வார். அந்தப் பஞ்சு போர்டின் மேல் படிந்தால், ஈரத் துணியைப் போர்த்தி வைத்த மாதிரி.

ஒரு அங்குல பெயின்ட் பிரஷ், ஒரு புளோயர் போதும். புளோயர் பிடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் அது பேய் மாதிரிச் சுற்றினால் பேரிங் போய்விடும். கையால் தட்டினாலும் சுற்றாமல் இறுகியிருந்தால், நடுவிலிருக்கும் ஸ்டிக்கரைப் பாதி உரித்து தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. ரேமையும் கார்டுகளையும் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, ஐ.பி.ஏ. (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) நனைத்த பஞ்சால் துடையுங்கள். எங்கள் கடைக்கு ‘டிஸ்ப்ளே வரவில்லை’ என்று வந்த பழைய பெட்டிகளில் பாதி இந்த ரப்பரிலேயே எழுந்துவிட்டன.

பிறகு போர்டில் இரண்டு இடம் பார்க்க வேண்டும். ஒன்று, நாணயம் மாதிரி இருக்கும் சி.ஆர்.2032 பேட்டரி. பதினைந்து வருடத்தில் செத்திருக்கும், மாற்றிவிடுங்கள். உங்களுடையது 2000வாக்கு என்பதால் இது நாணய பேட்டரிதான். 386, 486 காலத்துப் போர்டு என்றால் நீலமோ பச்சையோ ஒரு பீப்பாய் பேட்டரி இருக்கும். அது கசிந்து சுற்றியிருக்கும் செம்புத் தடத்தையெல்லாம் தின்றிருக்கும். அப்படிப்பட்ட போர்டு யாராவது சும்மா கொடுத்தாலும் முதலில் அந்த மூலையைப் பாருங்கள். இரண்டாவது, சி.பி.யு. பக்கத்தில் வரிசையாக நிற்கும் கெப்பாசிட்டர்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். இட்லி மாதிரி உப்பியிருந்தாலோ, பழுப்பாக எதாவது வழிந்திருந்தாலோ மாற்றாமல் ஓட்டக் கூடாது. 2000க்குப் பிந்தைய சில வருடங்களில் வந்த போர்டுகளில் இந்த வியாதி உலகம் முழுக்க இருந்தது. அதற்கு முந்தைய போர்டுகள் பெரும்பாலும் தப்பித்தன.

இனி, உங்கள் கேள்விக்கான பதிலையே முடிவு செய்யும் விஷயம். கேபினெட்டின் முகப்பில் என்ன பெயர் ஒட்டியிருந்தாலும் விடுங்கள், போர்டில் கார்டுகளைச் செருகும் நீள ஸ்லாட்டுகளின் நிறத்தைப் பாருங்கள். வெள்ளை என்றால் பி.சி.ஐ. பழுப்பில் ஒன்றே ஒன்று தள்ளி உட்கார்ந்திருந்தால் டிஸ்ப்ளே கார்டுக்கான ஏ.ஜி.பி. எல்லாவற்றையும்விட நீளமாக, கறுப்பாக, ஓரத்தில் ஒன்றிரண்டு இருந்தால் பழைய கார்டுகளுக்கான ஐ.எஸ்.ஏ. அந்தக் கறுப்பு ஸ்லாட் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

ஏனென்றால் நீங்கள் சொன்ன பட்டியலில் இரண்டு தலைமுறை இருக்கிறது. டேவும் பிரின்ஸும் விண்டோஸுக்கு முன் இருந்த, கட்டளை தட்டி ஓட்டுகிற டாஸ் காலத்தவை. டேவ் 1988இல் ஜான் ரொமேரோ எழுதியது, பின்னால் டூம் செய்த கூட்டத்தில் ஒருவர். பிரின்ஸ் 1989இல் ஜோர்டன் மெக்னர் ஆப்பிள் II-க்குச் செய்து, அடுத்த வருடம் டாஸுக்கு வந்தது. தன் தம்பியை ஓடவும் தாவவும் விட்டு வீடியோ எடுத்து, படம் படமாகப் பார்த்து வரைந்ததால்தான் அந்தப் பையன் இன்றைக்கும் நிஜ மனிதன் மாதிரி சறுக்கி நிற்கிறான். ரோட் ரேஷ், நீட் ஃபார் ஸ்பீட் (என்.எஃப்.எஸ்.) 2, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் எல்லாம் 1996, 97இல் விண்டோஸ் 95க்காகக் கம்ப்யூட்டருக்கு வந்தவை. விண்டோஸ் ஆட்டத்துக்கு எந்தச் சவுண்ட் கார்டும் டிரைவர் போட்டால் பேசும். டாஸ் ஆட்டம் அப்படி இல்லை. அது டிரைவர் எதையும் கேட்காமல், ‘220 என்ற முகவரியில் சவுண்ட் பிளாஸ்டர் இருக்கும்’ என்று நம்பி நேராகப் போய்க் கதவைத் தட்டும். ஐ.எஸ்.ஏ. கார்டு அங்கே நிஜமாகவே இருக்கும். போர்டோடு வரும் ஏ.சி.97 சவுண்ட் அங்கே இருக்காது.

இரண்டு தலைமுறையையும் ஒரே பெட்டியில் ஓட்டச் சரியானது இன்டெலின் 440 பி.எக்ஸ். சிப்செட் போட்ட போர்டு. 1998 ஏப்ரலில் வந்தது. பென்டியம் II, பென்டியம் III இரண்டும் உட்காரும், ஏ.ஜி.பி. இருக்கும், ஐ.எஸ்.ஏ.வும் பெரும்பாலும் இருக்கும், விண்டோஸ் 98க்கு எந்த சிப்செட் டிரைவரும் கேட்காமல் ஓடும். போர்டின் நடுவில் இருக்கும் பெரிய சிப்பில் 82443 பி.எக்ஸ். என்று எழுதியிருந்தால் அதுதான். நான் இதுவரை கையில் எடுத்த போர்டுகளில் நம் ஊர் ஈரத்தைத் தாங்கி எழுந்தவை அதிகமும் இவைதான்.

ஆனால் 2000வாக்கில் ஆபீஸுக்கு வாங்கியது என்றால் அது இன்டெல் 810 போர்டாக இருக்கவும் நல்ல வாய்ப்பு. அப்போது மலிவாக அசெம்பிள் செய்தவர்கள் எல்லாம் அதைத்தான் போட்டார்கள். டிஸ்ப்ளே போர்டிலேயே, ஏ.ஜி.பி. ஸ்லாட் கிடையாது, ஐ.எஸ்.ஏ.வும் பெரும்பாலும் கிடையாது. அப்படியானால் தூக்கிப் போடாதீர்கள். ரோட் ரேஷுக்கும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸுக்கும் அது தாராளம். டாஸ் ஆட்டங்களை மட்டும் உங்கள் இப்போதைய லேப்டாப்பில், டாஸ் மாதிரியே நடிக்கிற டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளில் ஆடிக்கொள்ளுங்கள். டாஸ்பாக்ஸ் நல்ல சரக்கு, இலவசம். அதை மட்டமாகப் பேசுகிற பழம்பெருமைக்காரர்களோடு நான் சேர மாட்டேன். சொல்லப்போனால் டாஸ் ஆட்டத்தைவிட 96–99 காலத்து விண்டோஸ் ஆட்டங்கள்தான் புதிய கம்ப்யூட்டரில் தகராறு செய்யும். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸின் முதல் பதிப்பு 256 நிறத்தில் ஓடுவது. விண்டோஸ் 7இல் போட்டால் தண்ணீரும் புல்லும் ஊதா, சிவப்பு என்று மாறி நிற்கும். பழைய பெட்டிக்கு உண்மையான வேலை அங்கேதான் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை: டேவுக்கு சவுண்ட் கார்டே வேண்டாம். அந்த ‘டிங் டிங்’ எல்லாம் கேபினெட்டுக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரிலிருந்து வருவது. நான்கு துளை கனெக்டர், அதில் இரண்டு ஒயர் மட்டும், போர்டின் மூலையில் ‘ஸ்பீக்கர்’ என்று அச்சிட்ட ஊசிகளில் மாட்டியிருக்கும். சர்வீஸ் செய்கிறவர்கள் கழற்றிவிட்டு மாட்ட மறப்பது இதைத்தான். அதை மாட்டினால் இன்னொரு பயனும் உண்டு. போர்டு தன் நோயைத் தானே சொல்லும். போர்டை எழுப்பும் பயோஸ் புரோகிராம் அவார்டு கம்பெனியுடையது என்றால் ஒரு நீளம், இரண்டு குட்டை பீப் வந்தால் டிஸ்ப்ளே கார்டு சரியாக உட்காரவில்லை. நீளமாக விட்டு விட்டு அழுதுகொண்டே இருந்தால் ரேம்.

பிரின்ஸும் அந்தச் சின்ன ஸ்பீக்கரிலேயே ஓடும், ஆனால் நன்றாகக் கேட்க சவுண்ட் கார்டு வேண்டும். ஐ.எஸ்.ஏ. ஸ்லாட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சவுண்ட் பிளாஸ்டர் 16 அல்லது ஏ.டபிள்யூ.இ.64 கிடைத்தால் சந்தோஷம். ஆனால் அந்தப் பெயரைச் சொன்னாலே இப்போது விலை ஏற்றுகிறார்கள். யமஹா 719 சிப் போட்ட பெயரில்லாத கார்டு, இ.எஸ்.எஸ். 1868 கார்டு இரண்டும் எங்கள் ஊரில் குப்பை மாதிரிக் கிடந்தன, இப்போதும் மலிவு. என் காதுக்கு யமஹாதான் மேல். டாஸ் காலத்து இசைக்கான ஓ.பி.எல்.3 சிப்பைச் செய்ததே யமஹா, அதில் அசல் அப்படியே இருக்கும். பயோஸில் ‘பிளக் அண்ட் பிளே ஓ.எஸ்.’ என்பதை ‘நோ’ என்று வைத்து, கார்டு பிராசஸரைக் கூப்பிடும் வழியான ஐ.ஆர்.க்யூ. 5ஐ ஐ.எஸ்.ஏ.வுக்கு ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் ஏதாவது ஒரு பி.சி.ஐ. கார்டு அதைப் பிடித்துக்கொள்ளும், ஆட்டத்தில் முதல் சத்தம் வந்ததும் கம்ப்யூட்டர் உறையும்.

டிஸ்ப்ளே கார்டுக்கு ரொம்ப யோசிக்க வேண்டாம். ரிவா டி.என்.டி.2 அல்லது ஜிஃபோர்ஸ் 2 எம்.எக்ஸ். இரண்டும் பி.எக்ஸ். போர்டின் ஏ.ஜி.பி.யில் உட்காரும், உங்கள் பட்டியலுக்கு மேலேயே ஓட்டும். 3டிஎஃப்எக்ஸ் கம்பெனியின் வூடூ 3டி கார்டு வேண்டுமா என்று கேட்பீர்கள். என்.எஃப்.எஸ். 2இன் ஸ்பெஷல் எடிஷன் 3டிஎஃப்எக்ஸ் கார்டு இருந்தால் அதன் கிளைட் மொழியில் வேறொரு அழகோடு ஓடும், உண்மைதான். ஆனால் 2000இல் அந்தக் கம்பெனியின் சொத்தை என்விடியா வாங்கிய பிறகு வூடூ கார்டு பழைய நாணயம் மாதிரி ஆகிவிட்டது. விலையைக் கேட்டால் மயக்கம் வரும். முதலில் டி.என்.டி.2இல் ஆடுங்கள், ஆசை விடவில்லை என்றால் பார்த்துக்கொள்ளலாம்.

ரேம் 256 எம்.பி. போதும், அதற்கு மேல் வைக்காதீர்கள். விண்டோஸ் 98 512ஐத் தாண்டினால் குழம்பும். வாங்கும்போது சிப்பை எண்ணுங்கள். பி.எக்ஸ். போர்டு, இரண்டு பக்கமும் சேர்த்து 16 சிப் இருக்கும் 256 எம்.பி. குச்சியை முழுதாகப் படிக்கும். 8 சிப் இருப்பதைப் போட்டால் 128 என்று பாதிதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவம் அவர்.

இப்போது என் முட்டாள்தனம் ஒன்று. பத்து வருடம் முன்பு ஒருவர் வீட்டு அலமாரியிலிருந்து ஒரு டப்பா ஃப்ளாப்பி கொண்டுவந்தார், எல்லாம் ஆட்டங்கள். முதல் ஃப்ளாப்பியை எதுவும் பார்க்காமல் டிரைவில் போட்டேன். கரகரவென்று ஒரு சத்தம், படிக்கவில்லை. சரி, அது கெட்டது என்று அடுத்ததைப் போட்டேன். அதுவும். நான்காவது போடும்போதுதான் சந்தேகம் வந்து, இரும்பு மூடியை விரலால் தள்ளிப் பார்த்தேன். பழுப்புத் தகட்டின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை, ரொட்டியில் வருமே, அதே மாதிரி. முதல் ஃப்ளாப்பியின் பூஞ்சை டிரைவ் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு, அடுத்து போட்ட நல்ல ஃப்ளாப்பிகளையெல்லாம் வட்டமாகக் கீறியிருக்கிறது. கீறின இடத்தில் காந்தப் பூச்சே உரிந்து, தகட்டின் அந்தப் பக்கம் தெரிந்தது. அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. கேமரா லென்ஸ் வைத்திருக்கும் யாருக்கும் நீலகிரிப் பூஞ்சையைப் பற்றித் தெரியும், எனக்குத்தான் அன்றைக்குத் தோன்றவில்லை.

ஆகவே பெரியப்பாவின் ஃப்ளாப்பி இருந்தால், மூடியைத் தள்ளி, நடு வட்டை விரலால் சுற்றி, முழுச் சுற்றும் வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு புள்ளி வெள்ளை தெரிந்தாலும் டிரைவில் போடாதீர்கள். சி.டி.க்கு இந்தத் தொல்லை குறைவு, ஈரத் துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்தால் போதும். சி.டி. டிரைவிலிருந்து சவுண்ட் கார்டுக்குப் போகும் மெல்லிய ஒயர் ஒன்று உண்டு, அதை மாட்ட மறக்காதீர்கள். குவேக் மாதிரி சில ஆட்டங்களின் பின்னணி இசை சி.டி.யில் பாட்டாகவே பதிந்திருக்கும், அந்த ஒயர் வழியாகத்தான் வரும். (ரோட் ரேஷில் பாட்டே கிடையாது என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். நம் பக்கம் கைமாறிய பிரதிகளில் இடம் போதாதென்று பாட்டையும் வீடியோவையும் வெட்டியிருந்தார்கள். அசல் சி.டி.யில் பாட்டு உண்டு.)

ஹார்ட் டிஸ்க்கைப் பற்றி ஒரு பயம் ஊரில் உண்டு, மலை உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் ஓடாது என்று. ஹெட் காற்று மெத்தையில் மிதப்பது உண்மை, அதனால் கம்பெனிகள் உயர வரம்பு போடுவதும் உண்மை. ஆனால் அந்த வரம்பு வழக்கமாக 3,048 மீட்டர். தொட்டபெட்டா உச்சியே 2,637தான். அங்கே கொண்டுபோய் வைத்தாலும் ஓடும். பரணில் பதினைந்து வருடம் கிடந்த டிஸ்க்கை நம்பக் கூடாது என்பது வேறு விஷயம். ஒருமுறை ஓட்டி, பெரியப்பாவின் கணக்கோ குடும்பப் படமோ இருந்தால் நகல் எடுத்துவிட்டு, ஓய்வு கொடுங்கள்.

அதற்குப் பதில் காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டும், அதை ஐ.டி.இ. கேபிளில் மாட்டும் சின்ன அடாப்டரும். 8 அல்லது 16 ஜி.பி. போதும். 32 ஜி.பி.க்கு மேல் பழைய பயோஸ் தடுமாறலாம். ஈரம் அதை ஒன்றும் செய்யாது, சத்தமில்லை. பெரிய வசதி இதுதான்: கார்டைக் கழற்றி லேப்டாப்பின் கார்டு ரீடரில் போட்டு ஆட்டங்களை நேராக நகலெடுக்கலாம். விண்டோஸ் 98க்கு பென் டிரைவ் என்றால் என்னவென்றே தானாகத் தெரியாது, டிரைவர் தேடி அலைய வேண்டும். அந்த அலைச்சல் மிச்சம். கடகடவென்ற டிஸ்க் சத்தம் இல்லாமல் எனக்கு என்னமோ மாதிரி இருக்கிறது, அது என் வியாதி.

விண்டோஸ் 98இல் 1999இல் வந்த செகண்ட் எடிஷன் போடுங்கள். சி.டி.யிலிருந்து நேராக இன்ஸ்டால் செய்யாமல், அதிலிருக்கும் வின்98 ஃபோல்டரை முதலில் கார்டில் நகலெடுத்து அங்கிருந்து செட்டப்பை ஓட்டுங்கள். அப்புறம் ஒவ்வொரு டிரைவருக்கும் ‘சி.டி.யைப் போடு’ என்று நச்சரிக்காது. டாஸ் ஆட்டங்களுக்கு ‘ரீஸ்டார்ட் இன் எம்.எஸ்.டாஸ் மோட்’ கொடுத்து வெறும் டாஸுக்குப் போய்விடுங்கள்.

வேகம் ஒரு தொல்லை. பென்டியம் III, 1990 ஆட்டத்துக்கு ரொம்ப வேகம். விங் கமாண்டர் மாதிரி சில ஆட்டங்கள் நேரத்தைக் கடிகாரத்தில் பார்க்காமல் பிராசஸர் எவ்வளவு ஓடுகிறதோ அவ்வளவு ஓடும். கண் இமைப்பதற்குள் செத்திருப்பீர்கள். டர்போ பாஸ்கலில் எழுதிய சில சின்ன ஆட்டங்கள் ‘ரன்டைம் எர்ரர் 200’ என்று திறக்காமலே நின்றுவிடும். அதுவும் வேகத்தால்தான், தொடக்கத்தில் பிராசஸர் வேகத்தை அளக்கிற கணக்கு வழிந்துவிடுகிறது. பயோஸில், பிராசஸருக்குள் இருக்கும் வேக நினைவகமான இன்டர்னல் கேஷை ‘டிசேபிள்’ செய்தால் பென்டியம் III ஆமை மாதிரி ஆகி, ஏறக்குறைய 386 வேகத்துக்கு வந்துவிடும். ஆடி முடித்ததும் திரும்ப வைக்க மறந்தால், விண்டோஸ் திறப்பதற்குள் கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு வரலாம்.

கரண்ட் விஷயம் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இந்த மாதிரிப் பெட்டி எல்லாம் சேர்த்து 100 வாட்டைத் தாண்டாது, பெரிய எஸ்.எம்.பி.எஸ். வேண்டாம். ஆனால் பழைய போர்டு 5 வோல்ட்டில்தான் அதிகம் குடிக்கும். புதிய எஸ்.எம்.பி.எஸ்.கள் 12 வோல்ட்டில் பலம், 5இல் நோஞ்சான். லேபிளில் 5 வோல்ட்டுக்கு நேராக 20 ஆம்பியர் இருக்கிறதா பாருங்கள். 24 பின் கனெக்டர் 20 பின் போர்டில் நான்கு பின் வெளியே தொங்க உட்காரும், பயப்பட வேண்டாம். பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பிரித்துச் சுத்தம் செய்யலாமா என்றால், பழக்கமில்லாதவர் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் பெரிய கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும்.

கேபினெட்டைத் தொட்டால் சுருசுருவென்று ஷாக் அடித்தால் கம்ப்யூட்டர் கெட்டதென்று நினைக்காதீர்கள். உங்கள் வீட்டுச் சாக்கெட்டில் மூன்றாவது துளைக்கு எர்த் இல்லை. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் எர்த்தைத் தேடி, கிடைக்காமல், மின் வோல்ட்டேஜில் பாதியை, சுமார் 115 வோல்ட்டை, தகட்டில் நிறுத்திவைக்கும். கரன்ட் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்று குத்துவதோடு சரி. ஆனால் அந்த நிலையில் மானிட்டர் கேபிளைச் செருகிக் கழற்றினால் கார்டு போகலாம். பழைய எஸ்டேட் லைன் வீடுகளிலும் குவார்ட்டர்ஸிலும் இது சகஜம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போடுங்கள், அது கம்ப்யூட்டருக்கு மட்டுமல்ல, ஹீட்டருக்கும் வேண்டும். ஜூலைக் காற்றில் மரம் விழுந்து லைன் போய், திரும்ப வரும்போது ஏறி இறங்கி ஆடும், அதனால் ஒரு சின்ன யு.பி.எஸ்.ஸும் வையுங்கள்.

சூடு பற்றி நம் ஊரில் கவலை குறைவு. கோத்தகிரி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்குதான், ஃபேன் அதே அளவு சுற்றினாலும் கொஞ்சம் குறைவாகவே குளிர்விக்கும். ஆனால் அறையே குளிராக இருப்பதால் கணக்கு நேராகிவிடுகிறது. தெர்மல் பேஸ்ட்டை மட்டும் புதிதாக, ஒரு மொச்சைக் கொட்டையில் பாதி அளவு வையுங்கள்.

மானிட்டர் பழைய சி.ஆர்.டி. இருக்கிறதா? இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், டாஸ் ஆட்டத்தின் 320க்கு 200 படம் அதில்தான் கண்ணுக்கு இதமாக இருக்கும். ஆன் செய்ததும் உஸ்ஸென்றோ டிக் டிக்கென்றோ சத்தமும் ஓசோன் வாசனையும் வந்தால் உடனே அணைத்து, இன்னும் சில நாள் காயவிடுங்கள். ஈரத்தில் ஹை வோல்ட்டேஜ் கசிகிறது. உள்ளே 20,000 வோல்ட்டுக்கு மேல். அதைத் திறக்கும் வேலை உங்களுடையது இல்லை. சி.ஆர்.டி. இல்லையென்றால் 15 அங்குல 4:3 எல்.சி.டி. வாங்குங்கள். அகலத் திரையில் பிரின்ஸ் குண்டாகிவிடுவார்.

உதிரிக்கு எங்கே போவது என்று கேட்டிருந்தீர்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் வரை ஓட வேண்டாம். முதலில் மலையிலேயே தேடுங்கள். ஃபேக்டரி ஆபீஸ்களின் ஸ்டோர் ரூம்கள், கணக்கு எழுதுகிற ஆடிட்டர் ஆபீஸ்கள், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்கள். வெலிங்டனில் வருடா வருடம் பயிற்சி முடிந்து மாற்றலாகிப் போகிற முப்படை அதிகாரிகள் சாமான் கழிக்கிற சமயத்தில் நல்ல சரக்கு வரும். எனக்கு ஏ.டபிள்யூ.இ.64 கிடைத்தது அப்படித்தான், ஒரு டிரங்குப் பெட்டியில் கம்பளிக்குள் சுற்றி. அங்கே கிடைக்காவிட்டால் கோயமுத்தூர் உக்கடம் பழைய சாமான் கடைகள். போர்டை வாங்கினால் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள், மேலே லக்கேஜில் போட்டால் கொண்டை ஊசி வளைவுகளில் உருண்டு பின்கள் வளையும்.

எழுந்த பிறகு அதைத் திரும்பப் பரணுக்கு அனுப்பாதீர்கள். துணிகளுக்கு ஈரம் ஏறாமல் இருக்க அலமாரியில் ஜீரோ வாட் பல்பு போட்டு வைப்போமே, அதே வைத்தியம் இதற்கும் செல்லும். அதைவிட நல்லது வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் ஓட்டுவது, தன் சூட்டிலேயே காய்ந்துகொள்ளும். பிரின்ஸுக்குக் கொடுத்திருக்கும் நேரமும் சரியாக ஒரு மணிதான். ஓடாதபோது தலையில் பிளாஸ்டிக் உறை போட்டு மூடாதீர்கள், உள்ளே வேர்க்கும். பருத்தித் துணி போதும்.

இப்போதைக்குப் பெட்டியை இறக்கிக் காயவைத்து, தகட்டைக் கழற்றி, போர்டை ஸ்லாட்டுகள் தெரிய ஒரு படம், நடு சிப்பின் எழுத்து தெரிய ஒரு படம் எடுத்துப் போடுங்கள். கறுப்பு ஸ்லாட் இருந்தால் என் டிராயரில் யமஹா கார்டு ஒன்று மிச்சம் இருக்கிறது, குன்னூர் வரும்போது எடுத்துக்கொள்ளலாம்.